லேப்டாப்பிலிருந்து வரும் கீச்சுச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பிலிருந்து மெல்லியதாக, உச்சஸ்தாயியில் ஒரு சத்தம் வருகிறது. இது கோளாறா, கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா, மதர்போர்டு போய்விடுமா என்று கேட்பவர்களுக்காக எழுதியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சமயம் இது கோளாறு இல்லை. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க உங்கள் லேப்டாப் படும் பாடுதான் காதில் விழுகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

எந்தச் சத்தத்தைச் சொல்கிறீர்கள்?

ஃபேன் சுற்றும்போது வரும் உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கின் டக் டக்கும் இல்லை. கீபோர்டுக்கு அடியிலிருந்தோ சார்ஜர் கட்டையிலிருந்தோ வருகிற 'ஙீ...' என்ற சத்தம். தூரத்துத் தோப்பில் சில்வண்டு கத்துவதுபோல விடாமல் கேட்கும். சில மெஷின்களில் விட்டு விட்டு 'சிர்ர்... சிர்ர்' என்று வரும். பகலில் தெருச் சத்தத்தில் அமுங்கிவிடும். ராத்திரி ரூமில் ஃபேனை நிறுத்தினால்தான் தெரியும். ஆங்கிலப் பெயரைச் சொல்லித் தேடுபவர்கள் 'காயில் வைன்' என்று தேடினால் கிடைக்கும். காயில் என்று பெயரில் இருந்தாலும் குற்றவாளி எப்போதும் காயில்தான் என்றில்லை.

அசைகிற பாகமே ஃபேன் மட்டும்தானே? வேறு எது சத்தம் போட முடியும்?

மற்றவையும் அசைகின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

முதலில் காயில். லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால் பிராசசருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் வரிசையாக இருக்கும். பலவற்றின் தலையில் ஆர்15, ஆர்22 என்பதுபோல அச்சிட்டிருக்கும். அவைதான் காயில்கள். சார்ஜரிலிருந்து வருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ சுமார் 1 வோல்ட். ஆனால் ஆம்பியர் கணக்கு பத்து, இருபது, முப்பது என்று போகும். இருபது வோல்ட்டை ஒரு வோல்ட்டாக இறக்கும் வேலையில் இந்தக் காயில்களுக்குப் பெரிய பங்கு. உள்ளே கரண்ட் ஏறி இறங்கும்போது காந்தப் புலமும் ஏறி இறங்கும். கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று இழுக்கும், தளர்த்தும். சுற்றியிருக்கும் காந்தப் பொருளும் துளித் துளியாக நீண்டு சுருங்கும். காந்தமாக்கினால் இரும்பின் நீளம் மாறுகிறது என்பதை ஜேம்ஸ் ஜூல் 1840களிலேயே கவனித்துவிட்டார்.

அடுத்தது செராமிக் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து விடும் பாகம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பழுப்பு நிறத்தில், இரண்டு முனையிலும் வெள்ளிப் பூச்சோடு போர்டு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கும். இதற்குள் அடுக்கியிருப்பது பெரும்பாலும் பேரியம் டைட்டனேட். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று ஜாக் க்யூரியும் பியேர் க்யூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டால் நம் கதை: மின்னழுத்தம் மாறினால் பொருளின் வடிவம் மாறும். அந்தப் பொடிக் கெப்பாசிட்டர் தனியாக அசைந்தால் யாருக்கும் கேட்காது. ஆனால் அதைப் போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அது நீண்டு சுருங்கும்போது போர்டையும் சேர்த்து வளைக்கிறது. அகலமான போர்டு அதிர்ந்தால் காற்றும் அதிரும், காதில் விழும்.

மெல்லிய லேப்டாப்பில் உயரமான பாகங்களுக்கு இடமில்லை. அதனால் தட்டையான செராமிக் கெப்பாசிட்டர்களையே நெருக்கி அடுக்குகிறார்கள். விலை உயர்ந்த மெல்லிய மாடல்களிலும் இந்தப் புகார் வருவதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் பவர் சுற்று (மின்சுற்று) நொடிக்குப் பல லட்சம் தடவை சுவிட்ச் ஆகிறது என்கிறார்களே, அது எப்படிக் காதில் கேட்கும்?

சரியான கேள்வி. மனிதக் காதுக்கு எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு, அதாவது 20,000 ஹெர்ட்ஸ். லேப்டாப்பின் பவர் சுற்று சில லட்சம் ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதை நேரடியாகக் கேட்க முடியாது.

கேட்பது அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் மெதுவான தாளம். லோடு குறைவாக இருக்கும்போது பவர் சுற்று இடைவிடாமல் ஓடினால் மின்சாரம் வீண். அதனால் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், மறுபடி ஓடும். இந்த ஓட்டமும் நிறுத்தமும் நொடிக்கு 4,000 தடவை நடந்தால் 4,000 ஹெர்ட்ஸ் சத்தம் பிறக்கிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால் சத்தத்தின் அளவு துளியாக இருந்தாலும் எரிச்சல் மட்டும் பெரிதாக இருக்கிறது.

சும்மா இருக்கும்போதுதான் கத்துகிறது. வேலை கொடுத்தால் நிற்கிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

தலைகீழ் இல்லை. இந்த விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

வேலை இல்லாதபோது பிராசசர் தூங்கப் போகும். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று படிப்படியாக நிலைகள் உண்டு. இவற்றை 'சி-ஸ்டேட்' என்பார்கள். ஆழ்ந்த நிலையில் பிராசசர் கிட்டத்தட்ட கரண்ட்டே எடுக்காது. ஆனால் முழு ராத்திரித் தூக்கம் அல்ல அது. ஏதோ ஒரு சின்ன வேலைக்காக நொடிக்குப் பல நூறு தடவை எழுப்பப்படும். எழும்போது கரண்ட் சட்டென்று ஏறும், படுக்கும்போது விழும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் ஒரு உதறு உதறும். அந்த உதறல்கள் சீரான இடைவெளியில் வந்தால் சுரமாகிவிடுகிறது. முழு வேலையில் இருக்கும்போது பிராசசர் தூங்கவே போவதில்லை. ஏற்ற இறக்கம் இல்லை, சத்தமும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் நடந்தது. பழைய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சாதாரணக் கம்ப்யூட்டர்களில் நொடிக்கு 100 தடவை பிராசசரைத் தட்டி எழுப்பி, ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்க்கும். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் இதை 1,000 ஆக்கினார்கள். 100 ஹெர்ட்ஸில் தட்டினால் தாழ்ந்த உறுமல். அந்தச் சின்னப் பாகங்களால் அதைக் காதில் விழும்படி எழுப்பவே முடியாது. 1,000 என்றால் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்துக்குள் வந்துவிடுகிறது. 1,000-ன் மடங்குகளான 2,000, 3,000, 4,000 எல்லாம் கூடவே வரும். அந்தக் காலத்துத் திங்க்பேட் உட்படப் பல லேப்டாப்களில் லினக்ஸ் போட்டவுடன் கீச்சு தொடங்கியது என்று புகார்கள் கிளம்பின. 2005-ல் 2.6.13 பதிப்பில் அந்த எண்ணை 250-க்கு இறக்கினார்கள். 2007-ல் 2.6.21 பதிப்பில், வேலை இல்லாதபோது தட்டவே தேவையில்லை என்ற ஏற்பாடு வந்தது. ஹார்டுவேரில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ஒரு எண்ணை மாற்றினார்கள், பலருக்குச் சத்தம் அடங்கியது.

விண்டோஸிலும் இதே கதைதான். வழக்கமான துடிப்பு நொடிக்கு 64. பாட்டு, வீடியோ போன்ற சில மென்பொருள்கள் கேட்டால் அது 1,000 வரை ஏறும். 'குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தால் மட்டும் கீச்சிடுகிறது' என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், உண்மையாகவே இருக்கலாம்.

ஆப்பிள் 2006-ல் இன்டெல் சிப்போடு கொண்டுவந்த முதல் மேக்புக் ப்ரோவிலும் இந்தக் கீச்சு பிரபலம். கேமராவைத் திறந்து வைத்தால் சத்தம் நிற்கிறது என்று பயன்படுத்தியவர்களே கண்டுபிடித்தார்கள். கேமரா ஓடினால் பிராசசர் ஆழ்ந்து தூங்க முடியாது, அவ்வளவுதான் ரகசியம்.

யூஎஸ்பி மவுஸைச் செருகினால் சத்தம் மாறுகிறது. மவுஸில் கோளாறா?

இல்லை. யூஎஸ்பி பேச்சுவார்த்தை 1 மில்லி செகண்ட் துண்டுகளாக நடக்கிறது. நொடிக்கு 1,000 துண்டு. பழைய மெஷின்களில் ஒரு மவுஸ் செருகியிருந்தாலே பிராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. அதனால் சிலருக்குச் சத்தம் நிற்கும், சிலருக்குப் புதுச் சத்தம் தொடங்கும். காசில்லாத சோதனை என்பதால் செய்து பாருங்கள்.

பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது 'க்ரீச் க்ரீச்' என்று கூடவே வருகிறதே?

உருட்டும் ஒவ்வொரு தடவையும் திரையைப் புதிதாக வரைய வேண்டும். பிராசசரும் கிராஃபிக்ஸும் எழுந்து வரைந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். உங்கள் விரலின் வேகத்துக்கு ஏற்பச் சத்தமும் மாறும். சத்தம் மதர்போர்டிலிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

கேம் ஆடும்போது மட்டும் கத்துகிறது. முழு வேலையில் சத்தம் இருக்காது என்றீர்களே?

பிராசசரைப் பற்றிச் சொன்னேன். கிராஃபிக்ஸ் சிப்பின் கணக்கு வேறு. அது ஒரு ஃபிரேமை (திரையில் வரும் ஒரு படத்தை) வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு நடுவில் கரண்ட் விழுந்து எழும். கேமின் மெனு, லோடிங் திரை மாதிரி எளிய காட்சிகளில் நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் ஃபிரேம் என்று கட்டுப்பாடில்லாமல் வரைந்து தள்ளும். திரை காட்டப்போவது 60 அல்லது 144 மட்டுமே, மீதி எல்லாம் குப்பைக்கு. ஆனால் அந்த ஆயிரம் ஏற்ற இறக்கமும் காயிலில் நடந்துவிடுகிறது.

கேம் செட்டிங்கில் 'வி-சிங்க்' (திரையின் வேகத்துக்கு மேல் வரையாமல் தடுக்கும் வசதி) அல்லது ஃபிரேம் எல்லையைப் போட்டுவிடுங்கள். சத்தம் குறையும், சூடு குறையும், கரண்ட்டும் மிச்சம். இந்தப் பக்கத்தில் எந்த நஷ்டமும் இல்லாத யோசனை இதுதான்.

எனக்குக் கேட்கிறது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. 'உனக்குத்தான் பிரமை' என்கிறார்.

பிரமை இல்லை. வயது ஏற ஏற முதலில் போவது உச்சஸ்தாயிதான். பத்து வயதுப் பிள்ளைக்கு 20,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கம் வரை கேட்கும். நடுத்தர வயதில் 15,000-ஐத் தாண்டுவதே பலருக்குச் சிரமம்.

பழைய குண்டு டிவி ஞாபகம் இருக்கிறதா? தூர்தர்ஷன் பார்த்த நம் டிவிகள் எல்லாம் 'பிஏஎல்' என்ற ஒளிபரப்பு முறை. நொடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி, பெருக்கினால் 15,625. உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் அதே 15,625 ஹெர்ட்ஸில் பாடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் டிவி போட்டுவிட்டார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா அந்தக் காலத்தில் அதைக் கேட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஒருவேளை என் காதிலேயேதான் இரைச்சலோ?

எளிதாகத் தெரிந்துவிடும். லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வேறு ரூமுக்குப் போங்கள். அங்கும் அதே சத்தம் கேட்டால், தலையைத் திருப்பினாலும் திசை மாறவில்லை என்றால், அது காது இரைச்சல். காது மருத்துவரைப் பாருங்கள், லேப்டாப் கடைக்காரரை அல்ல.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரூமை அமைதியாக்கிவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் கட்டை அல்லது சார்ஜிங் சுற்று. கட்டையைக் காதருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கிருந்தே வந்தால் வேலை முடிந்தது.

நிற்கவில்லையா? அடுத்து திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள், அப்புறம் பாதிக்கு இறக்குங்கள். வெளிச்சத்தோடு சத்தம் மாறினால் திரை.

அதுவும் இல்லையென்றால் பிராசசருக்கு வேலை கொடுங்கள். பெரிய ஃபைலை ஜிப் செய்தால் போதும். அந்த நொடியே சத்தம் நின்றாலோ மாறினாலோ மதர்போர்டு. இங்கே வேகத்தைக் கவனியுங்கள். காயில் சத்தம் சுவிட்ச் போட்டதுபோல மாறும். ஃபேன் சத்தம் வேகம் பிடிக்க ஓரிரு நொடி எடுக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். ஃபேனின் பேரிங் தேய்ந்த சத்தத்தைக் காயில் சத்தம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நல்ல செய்தி என்னவென்றால் ஃபேனை மாற்றலாம், அதற்கு மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை.

இடத்தைக் குறிப்பாகக் கண்டுபிடிக்க, ஒரு ஏ4 தாளைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கீபோர்டின் மேலும் வைத்து மெல்ல நகர்த்துங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஒரு அங்குலத்துக்குள் இடத்தைக் காட்டிவிடும். போனில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும்) ஆப் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. ஃபேனின் காற்றுச் சத்தம் திரையில் அகலமாகப் பரவிய மேடாகத் தெரியும். காயில் சத்தம் ஊசியாக ஒற்றைக் கோடு, 5,000 அல்லது 9,000 என்று ஏதோ ஒரு இடத்தில் எழுந்து நிற்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

சார்ஜர் கட்டைதான் கத்துகிறது. லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டால் இன்னும் அதிகம் கத்துகிறது!

மதர்போர்டில் நடக்கும் அதே ஓட்டமும் நிறுத்தமும்தான், டிரான்ஸ்பார்மரில். பேட்டரி நிறைந்து, எடுக்க ஆளில்லாதபோது சார்ஜர் எப்போதாவது ஒரு துளி வேலை செய்துவிட்டு நிற்கும். சும்மா செருகியிருக்கும் சார்ஜர் எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கா 2016 பிப்ரவரி முதல் விதித்த அளவுப்படி 50 முதல் 250 வாட் வரையுள்ள சாதாரண சார்ஜர் வெறுமனே இருக்கும்போது 0.21 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் கட்டையின் லேபிளில் ரோமன் எண்ணில் 6 என்று போட்டிருந்தால் அது இந்த அளவைச் சேர்ந்தது. அந்தச் சிக்கனத்துக்கு நாம் கொடுக்கும் விலை இந்தக் கீச்சு. வேலை முடிந்ததும் பிளக் பாயிண்ட்டில் சுவிட்சை அணைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சார்ஜர் ரொம்ப உறுமுகிறதே?

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் 'ஸ்கொயர் வேவ்' வகையாக இருக்கும். மின்வாரியக் கம்பியில் வருவது வளைந்து ஏறி இறங்கும் அலை. இந்த வகை இன்வெர்ட்டர் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏற்றி, சட்டென்று இறக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் சார்ஜரின் முன்பகுதிக்கு ஒரு உதை விழுகிறது. ஃபேனும் அதே சமயம் உறுமினால் சந்தேகமே வேண்டாம். கரண்ட் போகும் நேரத்தில் கொஞ்சம் ஓட்டுவதற்குப் பாதகமில்லை. தினமும் மணிக்கணக்கில் ஓட்டுவதென்றால் அடுத்த முறை 'சைன் வேவ்' வாங்குங்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சார்ஜர் போட்டபிறகுதான் சத்தம். விட்டுவிடலாமா?

இதை மட்டும் விடாதீர்கள். சத்தத்துக்காகச் சொல்லவில்லை. மலிவுச் சார்ஜரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் உங்கள் கை படும் பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் காப்பு எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் விற்கும் லேப்டாப் சார்ஜருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். எண்ணே இல்லாத கட்டை என்றால் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் தூக்கிப் போடுங்கள்.

திரை வெளிச்சத்தைக் குறைத்தால் ஏன் சத்தம் வருகிறது?

பல திரைகளில் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதுதான். பாதி நேரம் அணைந்திருந்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சம். அந்த வேகம் காதின் எல்லைக்குள் இருந்தால் அதை ஓட்டும் சுற்று பாடும். முழு வெளிச்சத்தில் அணைப்பதே இல்லை என்பதால் சத்தமும் இருக்காது. 2010-க்கு முந்தைய பல லேப்டாப்களில் திரைக்குப் பின்னால் எல்இடிக்குப் பதில் குழல்விளக்கும் அதற்கான இன்வெர்ட்டர் போர்டும் இருந்தன. அவை இன்னும் சத்தமாகப் பாடும்.

ஹெட்போன் போட்டால் மட்டும் கீச்சு கேட்கிறது.

இது வேறு பிரச்சினை. இங்கே எதுவும் அதிரவில்லை. மின்சார இரைச்சல் ஒலிச் சுற்றுக்குள் கலந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் போகிறது என்றால் எர்த் தகராறு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா பாருங்கள். அப்படியிருந்தால் உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொடும்போது விரலில் சுருசுருவென்றும் இருக்கும். எர்த் உள்ள பாயிண்ட்டில் நேராகச் செருகுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன ஒலி அடாப்டர் அல்லது ப்ளூடூத் ஹெட்போன்.

இந்தச் சத்தத்தால் லேப்டாப் கெட்டுப்போகுமா?

போகாது. வாங்கிய நாளிலிருந்து கீச்சிட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் நன்றாக ஓடும் மெஷின்கள் ஏராளம். கம்பெனிகளும் 'இது இயல்பானதே' என்றுதான் சொல்கின்றன. அதில் பாதி உண்மை, பாதி தப்பித்தல். அதிராத பாகங்களைப் போட்டு வடிவமைக்க முடியும், கொஞ்சம் செலவாகும்.

ஆனால் சில சத்தங்கள் இந்தக் கணக்கில் வராது. சார்ஜரிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவதுபோலச் சடசடப்பு, கருகல் வாசனை, டச்பேட் மேலே எழும்பி நிற்பது. இவற்றில் எது வந்தாலும் உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். டச்பேட் எழும்பினால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, சத்தத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

மதர்போர்டு சத்தம் என்று உறுதியானால் முதலில் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். பவர் சுற்று நடந்துகொள்ளும் விதத்தை அப்டேட்டில் மாற்றியிருந்தால் சத்தமும் மாறும். அப்புறம் பவர் மோடை மாற்றிப் பாருங்கள். சிக்கன மோடில் கத்துவது வேக மோடில் அடங்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். லினக்ஸ் என்றால் 2007-ல் இன்டெல் வெளியிட்ட 'பவர்டாப்' இன்றைக்கும் உதவும். எந்தப் புரோகிராம் பிராசசரை நொடிக்கு எத்தனை தடவை எழுப்புகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். மேலே இருப்பவனை மூடிவிட்டுக் காதைக் கொடுங்கள்.

பயாஸில் சி-ஸ்டேட்டை அடியோடு நிறுத்துவதுதான் வலுவான மருந்து. பிராசசர் தூங்காது, சத்தம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் லேப்டாப் சும்மா இருக்கும்போதும் சூடாக இருக்கும், ஃபேன் ஓடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மெல்லிய கீச்சைக் கொடுத்துவிட்டு ஃபேன் சத்தத்தை வாங்குவது என்ன வியாபாரம்? எல்லா லேப்டாப் பயாஸிலும் இந்த வசதி இருக்கவும் இருக்காது.

வெற்று மர மேஜையில் வைத்திருந்தால் அடியில் ரப்பர் பாய் ஒன்றைப் போடுங்கள். மேஜை சேர்ந்து அதிர்வது நிற்கும். மெத்தை, தலையணை மேல் மட்டும் வைக்காதீர்கள், காற்று போகும் வழி அடைபடும்.

காயில் மேல் பசை ஊற்றினால் நின்றுவிடும் என்கிறார்களே?

டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டில், கம்பிச் சுற்று வெளியே தெரியும் காயிலில், எபாக்ஸி வைத்துச் சிலர் வெற்றி கண்டிருக்கிறார்கள். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் மூடி வார்த்த காயில். அதிர்வு உள்ளே இருக்கிறது, பசை வெளியே நிற்கும். கெப்பாசிட்டர்தான் குற்றவாளி என்றால் நூற்றுக்கணக்கில் எதற்கு ஊற்றுவீர்கள்? வாரண்டியும் போகும், நாளைக்கு வேறு கோளாறுக்காக போர்டைப் பழுது பார்க்கவும் முடியாது. வேண்டாம்.

வீட்டில் நாய், பூனை இருக்கிறது. அவற்றுக்குத் தொந்தரவா?

நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனைக்கு 60,000-க்கு மேலும். நமக்குக் கேட்காத சார்ஜர் சத்தம் அவற்றுக்குக் கேட்கும்தான். ஆனாலும் சூடான சார்ஜர் கட்டையைத் தேடிப் போய்ப் பூனை படுத்துக்கொள்வதைப் பார்த்தால் பெரிதாகக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இந்தச் சத்தத்தைக் கேட்டே பாஸ்வேர்டைத் திருடலாம் என்று படித்தேன். கதையா?

கதை இல்லை, ஆனால் உங்களுக்கு நடக்கப்போவதும் இல்லை. டேனியல் கென்கின், ஆடி ஷமிர், ஏரன் ட்ரோமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில் இதைச் செய்து காட்டினார்கள். ஷமிர் யாரென்றால், ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் பெயரில் 'எஸ்' அவர்தான். பிராசசர் என்ன கணக்குப் போடுகிறதோ அதற்கேற்ப எடுக்கும் கரண்ட் மாறுகிறது, கரண்ட்டுக்கேற்பச் சத்தம் மாறுகிறது. குனூபிஜி என்ற மென்பொருள் தாங்கள் அனுப்பிய குறியாக்கக் கடிதங்களைத் திறக்கும்போது லேப்டாப் எழுப்பிய சத்தத்தைப் பதிவு செய்து, சுமார் ஒரு மணி நேரத்தில் 4,096 பிட் ரகசியச் சாவியை முழுதாக எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு செல்போனை வைத்தும் முடிந்தது. நல்ல மைக் இருந்தால் 4 மீட்டர் தூரத்திலிருந்தும் முடிந்தது. குனூபிஜி 1.4.16 பதிப்பில் கணக்குப் போடும் முறையை மாற்றி இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். சத்தத்தை நிறுத்தவில்லை. சத்தம் சாவியைப் பற்றி எதையும் சொல்லாதபடி செய்தார்கள்.

வாரண்டியில் மாற்றித் தருவார்களா? சர்வீஸ் சென்டரில் எப்படிக் காட்டுவது?

சர்வீஸ் சென்டரில் ஏசி ஓடும், பத்துப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்க் 'கேளுங்கள்' என்றால் யாருக்கும் கேட்காது. வீட்டிலேயே அமைதியான நேரத்தில் போனை லேப்டாப்பின் மேல் வைத்து வீடியோ எடுங்கள். சார்ஜர் இருக்கும்போது, இல்லாதபோது, வேலை கொடுக்கும்போது மூன்றையும் ஒரே வீடியோவில் காட்டுங்கள். முன்பு எடுத்த ஸ்பெக்ட்ரம் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

சார்ஜர் என்றால் மாற்றித் தர வாய்ப்பு அதிகம். மதர்போர்டு என்றால் வாதாட வேண்டியிருக்கும். மாற்றினாலும் அதே மாடல் போர்டுதான் வரும். பாகத்துக்குப் பாகம் வித்தியாசம் உண்டு என்பதால் குறையலாம், அதே அளவும் இருக்கலாம், அதிர்ஷ்டம்தான். அதனால் புதிதாக வாங்கினால் முதல் ராத்திரியே ரூமை அமைதியாக்கிவிட்டு ஒரு தடவை பேட்டரியிலும் ஒரு தடவை சார்ஜரிலும் கேட்டுவிடுங்கள். கடையோ ஆன்லைன் தளமோ திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்கள் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் காரணம் விளக்கும் வேலை குறைவு. அந்த நாட்கள் கடந்துவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் 'நாய்ஸ்' என்று மொட்டையாக எழுத விடாமல், எந்த நிலையில், எந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறது என்பதை எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.